இடமோ வலமோ

சுவரில் கைகள் தொங்கின. கறுப்பு, சிவப்பு, ஒன்றும் பூசாத வெறும் உருக்கு என்று மூன்று வரிசை, கொளுக்கிக்கு ஒன்றாக. கை என்று சொன்னால் கடைக்காரப் பெண் ஹெதருக்கு விளங்காது. அவளுக்கு அது ஏ-ஆர்ம். பனிவண்டியின் முன்னால் இருக்கிற சறுக்குப் பலகைகளை வண்டியின் உடம்போடு பிடித்து வைத்திருக்கும் குழாய், ஒரு முனை விரிந்து மறு முனை குவிந்து, பக்கத்துக்கு ஒன்று. அதைக் கை என்பது உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவர் இப்போது சுவரைப் பார்த்தபடி நிற்கிற குகதாசன். மற்றவன் அவருடைய மனைவி தவமலரின் தம்பி நேசராசா, அவன் வீட்டில் இருக்கிறான், இன்றைக்கு நீங்களே போய் நல்ல பலமான கையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வாங்கோ அத்தான் என்று காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லி அனுப்பியிருக்கிறான். ஹெதர் பொறுமையாகத்தான் விளக்கினாள். வண்டியோடு வருகிற கையை வேண்டுமென்றே கொஞ்சம் மெலிதாகச் செய்கிறார்களாம். பனிக்குள் ஒளிந்திருக்கிற கல்லில் அடித்தால் கை வளையும், உடம்பு தப்பும். வெளிக்கம்பனிகள் செய்கிற இந்தத் தடித்த கைகள் லேசில் வளையாது, ஆனால் அடி எங்கேயாவது போகத்தானே வேண்டும், அது உள்ளே போய் வண்டியின் நெஞ்சுக்கூட்டைப் பிளந்தாலும் பிளக்கும். எது வேண்டும் என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தலைக்கவசம் பார்க்க வந்த ஒரு குடும்பத்திடம் போய்விட்டாள். யோசிக்கச் சொல்லிவிட்டுப் போனாள், புண்ணியவதி. ஒன்பது மாதமாக அவர் வேறென்ன செய்கிறார்.

கை போனால் உடம்பு தப்பும். அவர் சிவப்புக் கையொன்றைக் கொளுக்கியிலிருந்து எடுத்துப் பார்த்தார். பாரம் அவ்வளவு இல்லை, இரண்டு கிலோ கூட வராது, ஒரு பைக்குள் வைத்து முதுகில் போட்டால் இருப்பதே தெரியாது. அன்றைக்கும் தெரியவில்லை. அவர் அதைத் திரும்ப மாட்டப் பார்த்தார், துவாரம் கொளுக்கியில் அகப்படவில்லை, இரண்டாம் தரம், மூன்றாம் தரம், தலைக்கவசக் குடும்பத்தின் தகப்பன் திரும்பிப் பார்த்தான். அவன் கண்டானோ என்னவோ. கண்டால்தான் என்ன, ஐம்பத்துநான்கு வயது மனிசனுக்கு ஒரு கொளுக்கி தவறக்கூடாதா. மில்லில் பலகை அறுக்கிற வாளுக்குப் பக்கத்தில் பதினேழு வருஷம் நின்றவர், அங்கே ஒருநாளும் தவறவில்லை. இந்த ஊரில் இரண்டே இரண்டு தமிழ்க் குடும்பம், அதில் ஒன்று மூன்று வருஷத்துக்கு முன்னர் ரொறொன்ரோவுக்கு மாறிப்போய்விட்டது. மிஞ்சியது குகதாசன் வீடு. கீழ்வீட்டில் நேசராசா. மில்லில் வேலை செய்கிற வெள்ளைக்காரர் எல்லோரும் பனிமாரி வந்தால் மலைக்கு வண்டி கொண்டு போவார்கள், திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில் அந்தக் கதைதான். நேசராசாவுக்கு அந்த மேசையில் ஒரு கதிரை வேண்டியிருந்தது. பழைய வண்டி ஒன்று வாங்கினான், அத்தானையும் ஒன்று வாங்க வைத்தான். பனிக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே மூண்டு சட்டை போடுற ஆக்கள், உங்களுக்கு மலை கேக்குதோ என்று தவமலர் சிரித்தாள், சிரித்தபடியே பாணும் சம்பலும் கட்டிக் கொடுத்தாள். சம்பல் மலையில் கல்லாக உறைந்துவிடும். இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து இளக்கிச் சாப்பிடுவார்கள், பெற்றோல் மணக்கும், அதைப்போல ருசி அவர் வாயில் பிறகு பட்டதில்லை. இப்போது அந்த மணம் இந்தக் கடையிலும் இருக்கிறது, எங்கேயோ பின்பக்கம் யாரோ ஒரு வண்டியை முறுக்கிப் பார்க்கிறார்கள், அவர் மூக்கைப் பொத்திக்கொள்கிறார், வண்டியின் வயிறு உறுமுகிறது.

வயிறு. வயிற்றில்தான் எல்லாம் தொடங்கியது. வண்டியின் உறுப்புகளுக்கு மனிசப் பெயர் வைத்தவன் நேசராசா. முன்மூடி மூக்கு, சறுக்குப் பலகை கால், இயந்திரம் இருக்கிற இடம் வயிறு, இது கை. மலையில் ஆளுக்கொரு வோக்கி டோக்கியை நெஞ்சில் கட்டிக்கொண்டு போவார்கள், வெள்ளைக்காரரும் அதே அலைவரிசையில்தான் கதைப்பார்கள், அதற்குள் இவர்கள் இரண்டு பேரும் தமிழில் மூக்கு ஒழுகுது, கால் சறுக்குது என்று கதைத்துச் சிரிப்பது ஒரு தனிச் சந்தோஷம். முந்தின வருஷம் ஒருநாள், அத்தான் வயிறு சரியில்லை, ஒருக்கா வாங்கோ என்று நேசராசா கூப்பிட்டான். குகதாசன் பதறிப்போய் வண்டியை விரட்டிக்கொண்டு போனார், பையிலிருந்த இஞ்சிக் கோப்பியைப் போத்தலோடு நீட்டினார். பார்த்தால் இயந்திரம் சூடேறிப் புகைகிறது, நேசராசா பக்கத்தில் நின்று அதற்குப் பனி அள்ளி வைத்துக்கொண்டிருக்கிறான். வண்டிக்கு இஞ்சிக் கோப்பி குடுக்க வந்த அத்தான். அந்தக் கதை ஒரு வருஷம் ஓடியது. பிறந்தநாள் வீட்டில், ரொறொன்ரோ சொந்தக்காரரின் தொலைபேசியில், கோயிலில் கூட. அவரும் சிரித்தார், ஆனால் உள்ளே கொஞ்சம் சுட்டது, இனி இந்தப் பொடியனிடம் ஏமாறுவதில்லை என்று நினைத்துக்கொண்டார். இவ்வளவுதான். இவ்வளவு சின்னக் காரியம். ஒரு மனிசன் தன்னைப் பார்த்துச் சிரித்தவனிடம் இரண்டாம் தரம் ஏமாறக்கூடாது என்று நினைப்பது ஒரு குற்றமா. சட்டத்தில் இல்லை. எந்தச் சட்டத்திலும் இல்லை, அவர் தேடிப் பார்த்துவிட்டார், தனக்குத் தண்டனை தருகிற ஒரு சட்டம் இருந்தால் எவ்வளவு நிம்மதி.

மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை, மில் மூடியிருந்தது, மலையில் அந்நேரம் வேறு ஆட்கள் இருக்கவில்லை. பதினொன்று பத்து. நேசராசா மேலே போய்விட்டான், குகதாசன் பாதி வழியில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வோக்கி டோக்கி கரகரத்தது. "அத்தான், கை போச்சுது." அவ்வளவுதான் சொன்னான். குரல் தட்டையாக இருந்தது, அலறவில்லை, அழவில்லை. வலி மிஞ்சினால் குரல் தட்டையாகிவிடும் என்று அவருக்கு அப்போது யார் சொன்னது. கை போச்சுது. இஞ்சிக் கோப்பி நினைவுக்கு வந்தது. ஆகா, இந்த முறை நான் கெட்டிக்காரன். கீழே நிறுத்தியிருந்த டிரக்கில், பெட்டிக்குள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பழைய கைகள் உதிரியாகக் கிடந்தன. எதை எடுப்பது. பித்தானை அமத்தி, "இடமோ வலமோ?" என்று கேட்டார். அங்கே காற்று இரைந்தது. பிறகு, "இடம்" என்றான். "இரு, வாறன்" என்றார் இவர். நேசராசா நின்ற இடம் அங்கிருந்து மேலே பதினைந்து நிமிஷம். டிரக் நின்ற இடம் கீழே முப்பத்தைந்து நிமிஷம். அவர் கீழே போனார், அந்த வளைவு தாண்டினால் வோக்கி டோக்கி எட்டாது. பாட்டு வேறு முணுமுணுத்தார், அது ஞாபகம் இருக்கிறது, அந்தப் பாட்டை இப்போது எங்கே கேட்டாலும் வானொலியை நிறுத்திவிடுகிறார். இடது கையையும் மரை முறுக்குகிற சாவிகளையும் எடுத்து, பையில் போட்டு, ஒரு மிடறு கோப்பி குடித்து, போத்தலை மூடி, ஏறினார். போத்தலை மூடியதுகூட ஞாபகம் இருக்கிறது, மூடி நேராகப் பிடிக்கவில்லை, கழற்றித் திரும்பவும் மூடினார். அதற்கு எத்தனை செக்கன். அந்தச் செக்கன்களையும் அவர் விட்டுவிடுவதில்லை. மேலே போய்ச் சேரும்போது பன்னிரண்டு நாற்பது. வண்டியின் வலது கைதான் கல்லில் அடித்து முழங்கை மாதிரி மடிந்து கிடந்தது, இடது கை கீறல்கூட இல்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஏனென்றால் வண்டி பிரண்டு கிடந்தது. அதற்கும் கல்லுக்கும் நடுவில் நேசராசாவின் இடது கை.

எந்தக் கை? இரண்டே இரண்டு சொல். இடமோ வலமோ என்பதும் இரண்டு சொல்தான். நாக்குக்கு ஒரே வேலைதான், ஒரே மூச்சுத்தான். எந்தக் கை என்று கேட்டிருந்தால், என்ரை கை அத்தான் என்றிருப்பான், பதினைந்து நிமிஷத்தில் மேலே நின்றிருப்பார். இதை அவர் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லிப் பார்க்கிறார் என்று கணக்கில்லை. பல் தீட்டும்போது சொல்கிறார். வாளுக்குப் பக்கத்தில் நின்று சொல்கிறார். பக்கத்தில் நிற்கிறவன் கேட்டால் தமிழ்ப் பாட்டு என்கிறார். அன்றைக்கு இருவர் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தார்கள், அவர்களிடம் கோபுரம் இல்லாத இடத்திலும் எடுக்கிற செய்மதித் தொலைபேசி இருந்தது, ஹெலிகொப்டர் வந்தது. அது வருவதற்குள் முதுகுப் பையைத் திறந்து, உதிரிக் கையை எடுத்து, ஒரு மரத்தடியில் பனிக்குள் அமத்தினார். நேசராசா கண் மூடிக் கிடந்தான், பார்க்கவில்லை. அதுதான் அன்றைக்கு அவர் செய்த காரியங்களிலேயே சுறுசுறுப்பான காரியம். ஆஸ்பத்திரியில் டொக்டர் வந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னார், கைக்கு இரத்தம் ஓடாமல் நிறைய நேரம் கிடந்துவிட்டது, முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியிருந்தது, ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம். தவமலருக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது, என்னவாம், என்னவாம் என்று அவருடைய சட்டையைப் பிடித்துக் கேட்டாள். அவர் மொழிபெயர்த்தார். முதல் இரண்டையும் மொழிபெயர்த்தார். மூன்றாவதை விட்டுவிட்டார். டொக்டர் அவ்வளவு நேரம் கதைச்சார், நீங்கள் ரெண்டு வசனம்தானே சொல்லுறியள் என்றாள். ஆங்கிலம் அப்பிடித்தான், நீட்டும் என்றார். அவள் நம்பினாள். நம்பியதுதான் கேடு. அவள் ஒருநாள், ஒரே ஒருநாள், ஏனப்பா அவ்வளவு நேரம் சென்றது என்று இரண்டாம் தரம் கேட்டிருந்தால் அவர் உடைந்திருப்பார். பனி ஆழம், வழி பிழைச்சுப்போச்சு என்று முதல் தரம் சொன்னார், அதோடு சரி. ஆடி மாதம் பனி கரைந்ததும் தனியாக மலைக்குப் போய் அந்த மரத்தடியைத் தேடினார். கை அங்கேயே கிடந்தது, துருப் பிடித்து. ஆற்றில் வீசத்தான் எடுத்தார், வீச முடியவில்லை, இப்போது டிரக்கின் பின்சீட்டுக்கு அடியில் ஒரு சாக்கில் சுற்றிக் கிடக்கிறது. ஏன் வைத்திருக்கிறீர் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வீசினால் அது முடிந்துவிடும் என்ற பயமோ.

சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. நேசராசாதான். "அத்தான், கை பாத்தாச்சோ?" என்றான். பார்க்கிறன் என்றார். பிரேக்கை வலது பக்கம் மாற்றித்தர ஒருவன் ஒத்துக்கொண்டுவிட்டானாம், ஒரு கையாலேயே எல்லாம் செய்யலாமாம், இணையத்தில் ஒருவன் செய்து காட்டுகிறானாம், மார்கழி முதல் கிழமையே மலைக்குப் போகலாமாம். மில்லில் அவனுக்கு வேறு வேலை கொடுத்திருந்தார்கள், பற்றுச்சீட்டுக்கு முத்திரை குத்துகிற வேலை, சாப்பாட்டு மேசையில் இப்போதும் கதிரை இருக்கிறது, ஆனால் அவன் வந்தால் மலைக் கதையை நிறுத்திவிடுகிறார்களாம். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. குகதாசன் மெதுவாகச் சொன்னார், இந்தப் பெட்டை சொல்லுறாள், பலமான கை போட்டால் அடி உள்ளுக்குப் போகுமாம், பழையபடி மெலிஞ்சதே போடுவமோ, இல்லாட்டி இந்த வருஷம் விட்டிட்டு அடுத்த வருஷம் யோசிப்பமோ. நேசராசா சிரித்தான். நீங்கள் பக்கத்திலை நிக்கேக்கை எனக்கென்ன என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான், தமக்கை பக்கத்தில் நிற்கிறாள்போல. "நான் ஒருநாளும் சொல்லேல்லை அத்தான். அண்டைக்கு நான் செத்துப்போவன் எண்டுதான் நினைச்சன். நீங்கள் இடமோ வலமோ எண்டு கேட்டியள் பாருங்கோ, அதோடை பயம் போட்டுது. காயத்தைப் பற்றி விபரமாக் கேக்கிறார், கட்டுத்துணியோடை வாறார் எண்டு நினைச்சன். அந்த நேரம் முழுக்க அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு கிடந்தனான். இடமோ வலமோ, இடமோ வலமோ எண்டு." குகதாசன் சுவரைப் பிடித்தார். சுவர் என்று நினைத்தது ஒரு கொளுக்கி, இரண்டு கைகள் சத்தத்தோடு தரையில் விழுந்தன. என்ன சத்தம் என்றான் நேசராசா. ஒண்டுமில்லை, கை விழுந்திட்டுது என்றார். சரி பாத்து எடுங்கோ என்று வைத்துவிட்டான்.

அவன் அங்கே கிடந்து அதைச் சொன்னான். இவர் இங்கே எந்தக் கை, எந்தக் கை என்று சொல்லித் தேய்ந்த ஒன்பது மாதமும் அவன் மற்றதைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்திருக்கிறான். வன்கூவர்க் கோயிலில் தைமாதத்துக்கு என்று இப்போதே ஒரு அர்ச்சனைக்குச் சொல்லி வைத்திருக்கிறான், தன் பெயருக்கு இல்லை, அத்தான் பெயருக்கு, பூரட்டாதி நட்சத்திரம். ஒவ்வொரு நாள் காலையும் அவனுடைய சப்பாத்துக்கு இவர் குனிந்து நூல் கட்டிவிடுகிறார், அவன் மேலிருந்து, உங்களுக்கு எவ்வளவு கரைச்சல் என்கிறான். மிதித்தால் என்ன. அந்தக் காலால் முகத்தில் ஒரு மிதி மிதித்தால் என்ன. சொன்னால் இதுவும் போய்விடும், அவன் அந்தப் பனிக்குள் பிடித்துக்கொண்டு கிடந்த அந்த இரண்டு சொல்லும் போய்விடும், இருக்கிற கையையும் வெட்டி எடுத்த மாதிரி. சொல்லாவிட்டால் மார்கழியில் அவன் மலைக்குப் போவான், இவர் பக்கத்தில் நிற்கிறார் என்ற நம்பிக்கையில் போவான், இவர் பக்கத்தில் நிற்பது என்றால் என்ன என்று தெரியாமல் போவான். மெலிந்த கை வளையும், பலத்த கை உள்ளே பிளக்கும். விழுந்தவற்றைப் பொறுக்கக் குனிந்தவர் அப்படியே குந்திவிட்டார். இந்த உலகத்தில் அடி போகாத இடம் என்று ஒன்று இல்லை, அவருக்கு அழுகை வந்தது, தலைக்கவசக் குடும்பம் அந்தப் பக்கம் நின்றதால் அழவில்லை.

ஹெதர் வந்துவிட்டாள், பரவாயில்லை, எல்லோரும் தட்டி விழுத்துகிறதுதான் என்று தானும் குனிந்து பொறுக்கினாள். முடிவெடுத்தீர்களா என்றாள். அவர் கறுப்பைக் காட்டினார், ஏன் கறுப்பு என்று கேட்டால் அது அவருடைய விரலுக்குப் பக்கத்தில் இருந்தது. பலமானது, நல்லது என்றாள். தொங்குவதெல்லாம் காட்டுவதற்குத்தான், விற்கிறது பின்னறையில் இருக்கிறது, ஒவ்வொரு பக்கமும் தனித்தனிப் பெட்டி, சீசன் தொடங்குகிற நேரம் என்பதால் இரண்டும் இருக்குமோ தெரியாது, முதலில் உடைந்த பக்கத்தைப் பார்க்கிறேன், எந்தப் பக்கம் உடைந்தது, இடதா வலதா என்றாள். அவர் அவளுடைய வாயையே பார்த்தார். இடம் என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். உள்ளே பெட்டிகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. கூப்பிட்டு மாற்றிச் சொல்ல நிறைய நேரம் இருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அவள் ஒரு நீளப் பெட்டியோடு வந்தாள், உங்களுக்கு நல்ல காலம், இடது ஒன்று இருக்கிறது, வலது இருந்ததை வேறு ஒருவருக்கு எடுத்து வைத்துவிட்டார்கள், அது வர இரண்டு கிழமையாகும் என்றாள். நல்ல காலம்தான் என்றார் அவர்.

வெளியே வெயில் அடித்தது, சூடில்லாத வெயில். டிரக்கின் பின்கதவைத் திறந்து பெட்டியைச் சீட்டில் வைத்தார். அடியில் சாக்கு கிடந்தது, அதையும் இழுத்து மேலே எடுத்து, அவிழ்த்து, துருப்பிடித்த கையைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். வீட்டுக் கராஜில் வண்டியில் கீறலில்லாமல் ஒன்று இருக்கிறது. ஆக, மூன்று இடது கைகள். வண்டிக்கு மூன்று. அவர் முன்னால் போய் ஏறி, திறப்பைச் செருகினார், திருப்பவில்லை. தொலைபேசியை எடுத்தார், திரும்பப் பையில் போட்டார், எடுத்தார். இரண்டாம் மணி அடிக்கும்போதே நேசராசா எடுத்துவிட்டான், பின்னால் தவமலர் எதையோ தாளிக்கிற சத்தம் கேட்டது. கிடைச்சுதோ என்றான்.

"கிடைச்சது. இடம் எடுத்தனான்."

"வலம் எல்லோ அத்தான் உடைஞ்சது? இடம் நல்லாத்தானே இருக்குது." அவனுக்குச் சிரிப்பு வந்தது, இஞ்சிக் கோப்பிக்கு வந்த அதே சிரிப்பு. "வயசு போட்டுது உங்களுக்கு. மாத்திக்கொண்டு வாங்கோ."

குகதாசன் ஸ்டியறிங்கைப் பிடித்திருந்த தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் இருந்தன.

"அண்டைக்கும் நான் இடத்தைத்தான் எடுத்துக்கொண்டு வந்தனான், நேசா. கீழை போய். டிரக்கிலை இருந்து."

தாளிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது, தவமலர் அடுப்பை அணைத்திருக்க வேண்டும். தொலைபேசியின் முகத்தில் செக்கன்கள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டிருந்தன, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, அவர் ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் தாண்டியபோது நேசராசாவின் குரல் வந்தது. தட்டையாக இருந்தது, அலறவில்லை.

"எந்தக் கை, அத்தான்?"